ஆள் பார்த்து இறங்கும் முள்

ஓய்வு பெற்றபின் நான் அதிகம் புளுகுகிறேன் என்று என் மருமகள் சொல்கிறாள். உண்மைதான். ஆனால் இதைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

தகரக் கூரை வெயிலில் படபடத்த ஒரு மதியம், பத்துச் சக்கர லாரி ஒன்று நான் வேலைபார்த்த ரிப்பேர் ஷெட்டுக்குள் வந்தது.

"மூக்கு மேஸ்திரி யாரு?" என்றான் டிரைவர். எண்ணெயை முகர்ந்தே கோளாறைச் சொல்வேன் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"ஆயில் பிரஷர் நிக்க மாட்டேங்குது அண்ணே. மீட்டர்தான் பொய் சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கிளம்பிடறேன். மலையிறக்கத்துல லோடு போகணும். எனக்கும் அக்காவுக்கும் இந்த வண்டிதான் சோறு."

"பாதி இறக்கத்துல இன்ஜின் ஜாம் ஆனா வண்டிய யாரு பிடிப்பா தம்பி, உங்க அக்காவா?"

எண்ணெய் அளவு சரியாக இருந்தது. சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் எங்கள் கைமீட்டரை முறுக்கி, நீளக் குழாயால் ஜன்னல்வரை இழுத்து வைத்தேன். அவன் ஸ்டார்ட் செய்தான். எண்ணெய் அழுத்தம் ஒரு கிலோகூட இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை.

இன்ஜினை நிறுத்தி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

"சாவி எதுக்கு?"

"வண்டிக்குக் கீழ போறவன் பையிலதான் சாவி இருக்கணும். இந்த ஷெட்டோட சட்டம். மேல எவனாவது ஸ்டார்ட் பண்ணிட்டா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதே எனக்கு ஏதோ இடித்தது.

இன்ஜினின் எண்ணெய் அடித்தொட்டியை இறக்கினேன். சல்லடையில் ஒரு துரும்பில்லை. பேரிங்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பம்ப், வால்வு எல்லாம் புதுமாப்பிள்ளை மாதிரி. மாட்டிவிட்டு, புது எண்ணெய் ஊற்றி, நானே ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

நாலு கிலோ.

இறங்கி அவனை உட்காரச் சொன்னேன். முள் மெல்லப் படுத்தது.

நான் ஏறினேன். எழுந்தது.

ஐம்பது முறை மாறி மாறி உட்கார்ந்தோம். சரி, ஐந்து முறை. கெட்டுப்போன பாகம் இருக்கையில்தான் இருந்தது.

அளவுக் கம்பியை உருவி முகர்ந்தேன். புது எண்ணெயில் சவரச் சோப்பு வாசனை.

"யாருப்பா இது?" என்று நீட்டினேன்.

அவன் குனிந்து முகர்ந்தான். "அத்தான்."

"எங்க அவரு?"

"செத்துட்டாரு. இதுக்கு அடியிலதான். அவர் கீழ இருக்காருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

"சாவி?"

"எங்கிட்ட" என்றான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வண்டி தானா நகர்ந்துடுச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"வண்டிய நான் கொண்டுவந்து விடறேன். நீ முன்னால பஸ்ல போய் அக்காகிட்ட உள்ளதைச் சொல்லு. அதுவரைக்கும் நீ இதை ஓட்ட முடியாது."

தலையாட்டிவிட்டு எதிரே இருந்த நிறுத்தத்தில் போய் நின்றான். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுப்பக்கம் போகும் பஸ் வந்தது.

ஏறவில்லை.

எதிர்த்திசைப் பஸ் வந்தது. ஏறினான்.

பஸ் நாற்பதடி நகர்ந்து நின்றது.

"ஆயில் லைட் எரியுது! எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார் பஸ் டிரைவர்.

ஒவ்வொருவராக முணுமுணுத்தபடி இறங்கினார்கள். அவன்தான் கடைசி. அவன் கால் தரையில் பட்டது.

"அட, அணைஞ்சிடுச்சே! ஏறுங்க, ஏறுங்க."

எல்லாரும் ஏறினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு படியில் ஒரு காலை வைத்தான்.

"அடச்சே, மறுபடியும்!"