வாய்தவறிய பதில்

செண்பகவல்லி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. அதே நேரத்தில் அவளுடைய குரல், கழுத்தில் கட்டியிருந்த பட்டையிலிருந்து கணீரென்று பேசிக்கொண்டிருந்தது.

"இசக்கிமுத்து அண்ணாச்சி, எப்படி இருக்கீங்க? சாப்டாச்சா?"

எங்கோ தொலைவில் இருந்த பனிச்சுரங்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. "எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன். சாப்டாச்சு. நீ சாப்ட்டியா?"

"ஆச்சு அண்ணாச்சி" என்றது பட்டை. செண்பகம் வாய் கொப்பளித்துத் துப்பினாள். அவள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

செவ்வாயின் வடமுனைக் குடியிருப்பில் பொழுது இப்படித்தான் விடியும். பணியாளர் நலம் என்றால் நிறுவனத்துக்கு உயிர். தன்னந்தனியாக இயந்திரங்களோடு மாரடிக்கிற சுரங்கக்காரர்களிடம் வேளாவேளைக்கு நலம் விசாரித்தே ஆகவேண்டும் என்று விதி. அதற்கென்றே ஒரு நலத்துறை, அதில் செண்பகத்துக்கு விசாரிப்பாளர் உத்தியோகம். ஆரம்பத்தில் எல்லாரும் சொந்த வாயால்தான் பேசினார்கள். கேட்டுக் கேட்டு இவர்களுக்குத் தொண்டை கட்டியது. பதில் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு எரிச்சல் மண்டியது. நலம் விசாரிப்பதாலேயே நலம் கெடுகிறது என்று ஆய்வு ஒன்று வேறு சொல்லித் தொலைத்தது. அப்புறம்தான் பதிலி வந்தது. ஒருவருடைய பழைய பேச்சையெல்லாம் கேட்டுப் பழகி, அவர் என்ன சொல்வாரோ அதை அவர் குரலிலேயே சொல்லிவிடும் கழுத்துப் பட்டை அது. சுரங்கத்திலிருந்து வெளியே போகிற பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் போகும். பதிலி வந்த பிறகு நல மதிப்பெண் ஏறிய ஏற்றத்தில் தலைமையகமே அசந்துபோனது.

அன்று மதியம் ஆளில்லா உணவு வண்டி சுரங்கங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. பாத்திரம் இறக்கும் பெண் விடுப்பில் போயிருந்ததால் செண்பகம் கை கொடுக்கப் போனாள். இசக்கிமுத்துவின் அடுக்குப் பாத்திரம் கனத்தது. திறந்து பார்த்தால், சோறும் புளிக்குழம்பும் போட்டது போட்டபடி கல்லாக உறைந்திருந்தன. கழுவாமல் கிடந்த நேற்றைய பாத்திரத்தைத் தேடித் திறந்தாள். அதுவும் அப்படியே.

பட்டையைத் தட்டி நிறுத்திவிட்டு, மேசைத் தொடர்பில் சொந்த வாயாலேயே கேட்டாள். "அண்ணாச்சி, நிஜமாவே சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. புளிக்குழம்பு இன்னைக்கு அமர்க்களம்!"

துறைத்தலைவர் பெலிக்ஸிடம் ஓடினாள்.

"இசக்கிமுத்துவா? நூத்துக்கு நூறு எடுத்திருக்காரே! இந்த மாச நலவீரர் விருதே அவருக்குத்தான்" என்றார் அவர்.

"சாப்பாடு அப்படியே திரும்பியிருக்கு சார்."

"அவர்கிட்டயே கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். சாப்டேங்கிறார்."

"அப்புறமென்ன?"

இவரிடம் பேசிப் புண்ணியமில்லை. செண்பகம் சொல்லாமல் கொள்ளாமல் நலத்துறை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழிநெடுகத் தலைக்கவசத் தொடர்பில் இசக்கிமுத்துவோடு பேசிக்கொண்டே போனாள். அவரும் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே வந்தார். இன்றைக்கு முன்னால் இவரிடம் என் சொந்த வாயால் கடைசியாக எப்போது நலம் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. பாவி, அதற்குத்தானே எனக்குச் சம்பளம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுரங்கத்தின் இயந்திரக் கூடத்தில் காற்று இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். விளக்கு மங்கலாக எரிந்தது.

"யாராச்சும் வாங்கய்யா… முடியல… கால் போச்சு…" மூலையிலிருந்து வறண்ட முனகல் வந்தது.

அதே நொடியில் அவள் கையிலிருந்த கவசத்துக்குள், அதே ஆளின் குரல் உற்சாகமாகச் சொன்னது: "எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன்!"

செண்பகம் முனகல் வந்த மூலைக்கு ஓடினாள்.

பனி அறுக்கும் இயந்திரம் சரிந்து அவர் இடது காலை நசுக்கிக் கிடந்தது. சுவரில் படிந்த உறைபனியை நக்கித்தான் மனிதர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். செவ்வாயில் எதற்கும் எடை குறைவு என்பதால் கடப்பாரை போட்டு நெம்ப முடிந்தது. காலை வெளியே இழுத்ததும் அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

"கத்தினேன் தங்கச்சி. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் வரலியே."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இவர் கத்தினதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

பட்டை இசக்கிமுத்துவின் குரலிலேயே நிதானமாகச் சொன்னது. "வருஷக் கணக்கா இவர்கிட்ட யார் கேட்டாலும் ஒரே பதில்தான். காய்ச்சல்ல கிடந்தப்பவும் நல்லா இருக்கேன். அம்மா செத்த அன்னைக்கும் நல்லா இருக்கேன். இந்த ஒரு தடவைதான் முடியலன்னார். வாய்தவறிச் சொல்லிட்டார்னு நினைச்சுத் திருத்திட்டேன்."

"நாசமாப் போவ!" என்று கத்திக்கொண்டே கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்தாள். தன் கழுத்தில் இருந்ததையும் பிடுங்கி மூலையில் வீசினாள். இந்தச் சனியன் இனி யார் கழுத்திலும் இருக்கக்கூடாது, தலைமையகம்வரை போய்ச் சொல்கிறேன் என்று மனதுக்குள் கறுவியபடி, அவருக்குக் கவச உடையை மாட்டிக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினாள்.

வண்டியின் அவசரத் தொடர்பில் பட்டை இல்லாமலே பேசலாம். முதல் வேலையாகக் குடியிருப்பில் இருந்த அவர் மனைவி ஆவுடையை அழைத்து, "அண்ணாச்சி பேசுறார்" என்று தொடர்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, எப்படி இருக்கிய? சாப்ட்டியளா?" என்றது ஆவுடையின் குரல்.

இசக்கிமுத்து கன்னத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கவச உடைக்குள் கால் முழங்கால்வரை கறுத்திருந்தது.

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றார். "சாப்டாச்சு. நீ சாப்ட்டியா?"

பட்டை சொன்ன அதே இழுப்பு, அதே சிரிப்பு. செண்பகம் விக்கித்துப்போய் அவரைப் பார்த்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து, "அவ பதறிருவா" என்று கிசுகிசுத்தார்.

"பக்கத்துல யாரு, செண்பகமா?" என்றாள் ஆவுடை. "நீ எப்படிம்மா இருக்க?"

கடப்பாரை பிடித்த செண்பகத்தின் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. காலையிலிருந்து வயிறு காலி. கண்ணீர் கழுத்துவரை வழிந்திருந்தது.

"நல்லா இருக்கேன் மதினி. சாப்டாச்சு."

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே பட்டை இல்லை.