இன்னொரு கும்ஜு

"டி.வி.க்கு எதிர்ல கொண்டுபோயி எங்கப்பாவ வெச்சிருக்கியே, உனக்குக் கூசலையா?"

அறுவடைத் திருநாள் காலை. இஞ்சோன் நகரத்து அடுக்குமாடி வீடு முழுக்க, பைன் இலை பரப்பி வேகவைத்த அரிசிக் கொழுக்கட்டையின் வாசனை. படையல் மேசையில் மாமனாரின் படத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த யோன்சுக்கின் கை அப்படியே நின்றது.

"மாமா எப்பவும் உக்கார்ற இடம் அண்ணி... அதான்..."

"நீ உக்கார வெச்ச இடம்னு சொல்லு! ரெண்டு வருஷமா அந்த டி.வி.தானே அவருக்குத் துணை!"

நாத்தனார் கும்ஜு முதல் விமானத்தைப் பிடித்து ஜேஜு தீவிலிருந்து வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அறிவித்துவிட்டாள். இந்தப் படையலோடு சரி, படத்தை அவள் கொண்டுபோகிறாள். இனி அப்பாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அவள் வீட்டில்தான். யோன்சுக் கையால் ஒரு கிண்ணம் சோறுகூட அவருக்கு வேண்டாமாம்!

"நான் எப்ப போன் பண்ணாலும் தூங்குறாரு, தூங்குறாருன்னியே... ஒரு மனுஷன் ரெண்டு வருஷமாவா தூங்குவாரு? சண்டை போட்டுட்டுப் போனவதான் நான், இல்லேங்கல. மன்னிப்புக் கேக்கத்தானே கூப்பிட்டேன்! என் குரலே அவர் காதுல விழாம பண்ணிட்டியே, பாவி!"

யோன்சுக் தன் கணவன் சங்கிலைப் பார்த்தாள். கப்பலில் வேலை செய்பவன், திருநாளுக்காக வந்திருந்தான். அவன் தரையைப் பார்த்தான். அவன் கூப்பிட்டபோதும் இவள் சொன்னது அதே 'தூங்குறாரு'தான். சந்தேகம் அவனுக்கும் இருந்தது.

"வாயத் திறந்து ஏதாவது சொல்லேன், யோன்சுக்" என்றான்.

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு..."

இருந்தது. சொன்னால் பழி தீர்ந்துவிடும். ஆனால் அண்ணி உயிரோடு இருக்கும்வரை அது அவள் நெஞ்சை அறுக்கும். இத்தனை நாள் விழுங்கியதை இன்றும் விழுங்கிக்கொண்டாள், அந்தப் பைத்தியக்காரி.

சங்கில் போய் வாசற்கதவைத் திறந்து வைத்தான். இறந்துபோனவர்கள் உள்ளே வர வழி விட வேண்டுமே. யோன்சுக் மெழுகுவர்த்தி ஏற்றி, ஊதுபத்தி கொளுத்தி, படத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். வெளிச்சம் கிழவரின் முகத்திலும் அவள் முகத்திலும் விழுந்தது.

டி.வி. தானாக உயிர் பெற்றது.

"வாருங்கள் அப்பா! வா கும்ஜு! இருவரும் பார்த்த மல்யுத்தத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?"

ஊதுபத்திப் புகை அப்படியே சாய்ந்தது. சங்கில் மண்டியிட்டுவிட்டான். அந்த டி.வி.யை வாங்கி அனுப்பியவனே அவன்தான். கண் மங்கிய அப்பா ரிமோட்டைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாமே என்று, முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டு அவரவருக்குப் பிடித்ததை வரிசையாகக் காட்டுகிற டி.வி. அவர் போனபின் அதன் பிளக்கைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. படத்திலிருந்த முகத்தை அது அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது அவனுக்கும் புரிந்தது. புரிந்தும் உடம்பு சிலிர்த்தது.

"அக்கா... அப்பா வந்துட்டாரு..."

"என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாரேடா! அப்பா! இதோ இருக்கேன்ப்பா!"

கும்ஜு ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

"புதிய முகம் தெரிகிறது. நீங்கள் யார்?"

"நான்... நான்தான் கும்ஜு!"

"இந்த வீட்டில் கும்ஜு ஏற்கெனவே இருக்கிறார். வேறு பெயர் சொல்கிறீர்களா?"

திரை மூலையில் இரண்டு முகங்கள் சின்னதாகத் தெரிந்தன. ஒன்று அப்பா. மற்றது யோன்சுக். அதன் கீழே 'கும்ஜு' என்றிருந்தது. யோன்சுக் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தாள். கும்ஜு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு யாரு என் பேர வெச்சது?"

"வேண்டாம் அண்ணி... விட்டுடுங்க..."

"சொல்லு!"

"மாமாதான்..." என்று உடைந்தாள் யோன்சுக். "அவருக்கு நெனப்பு தப்பிடுச்சு அண்ணி. யார் முகமும் தெரியல. என்னைத்தான் நீங்கன்னு நெனைச்சுக்கிட்டாரு. இந்த டி.வி. என்னை யாருன்னு கேட்டப்போ, 'என் மக கும்ஜு, ஜேஜுலேருந்து வந்துட்டா'ன்னு அவ்வளவு பெருமையா சொன்னாரு! நான் அவ இல்லேன்னு எப்படி சொல்லுவேன்? உங்க போனைக் குடுத்தா, 'கும்ஜு பக்கத்துல இருக்காளே, நீ யாரும்மா'ன்னு உங்களயே கேட்டிருப்பாரு... அத நீங்க எப்படித் தாங்குவீங்க? இவருகிட்ட சொன்னா உங்க காதுக்கு வந்துடும்னுதான்..."

கும்ஜு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண் தன் பெயரை விட்டுவிட்டு, கும்ஜுவின் பெயரில், கும்ஜு உட்கார வேண்டிய இடத்தில் தினமும் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்திருக்கிறாள்!

"நான் போட்ட சண்டை..."

"அத மறந்தே போயிட்டாரு அண்ணி. உங்க பேர மட்டும் கடைசிவரைக்கும் மறக்கல."

கும்ஜு வாய்விட்டு அழுதாள். யோன்சுக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். சங்கில் மனைவியின் காலடியிலேயே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான்.

படையல் முடிந்தது. படத்தைச் சுற்றிக் கட்டிக் கொண்டுபோகத் துணியை எடுத்து வைத்தாள் யோன்சுக். கும்ஜு துணியை மடித்து ஓரமாக வைத்தாள். படத்தை எடுத்து ஒருமுறை நெஞ்சோடு அணைத்தாள். பிறகு யோன்சுக்கின் கையில் கொடுத்தாள்.

"அப்பா படம் மக கையிலதான் இருக்கணும்... நீயே வெச்சுக்க, கும்ஜு."