பாதாளத்தின் மேல் நடந்தவள்

“மாப்ளே! இருக்கியா?” சடையனின் குரல் குகைக்குள் உருண்டு ஓடியது.

“இருக்கேன்... கிட்ட வராதீங்க! பள்ளம்!”

மாதன் உயிரோடுதான் இருக்கிறான்! தேன் எடுக்கப் போனவன் இரண்டு நாளுக்கு முன் கரடிக்குப் பயந்து இந்தக் குகைக்குள் ஓடினான். திரும்பவில்லை. அவன் மனைவி பொம்மியும் அவள் அண்ணன் சடையனும் டார்ச்சும் கயிறுமாகத் தேடி வந்திருந்தார்கள்.

அடுத்த திருப்பத்தில் இருவரும் விறைத்து நின்றார்கள். அம்மாடி! பூமியே பிளந்து கிடந்தது! பத்து ஆள் ஆழத்தில் பாறைகள் ஈட்டி ஈட்டியாக நிமிர்ந்து நின்றன. நாற்பதடி தள்ளி, எதிர்க்கரையில் மாதன் சுருண்டு கிடந்தான்.

சடையன் லேசுப்பட்ட ஆளில்லை. தேனுக்காகச் செங்குத்துப் பாறைகளில் மாதன் தொங்கும்போதெல்லாம் கயிறு பிடிப்பவன் அவன்தான். மனைவியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்; தங்கையின் தாலிக்காகவாவது பிடியை விடமாட்டானே! ஆழத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவான்.

“நம்ம கயிறு பாதிகூட எட்டாது. ஊருக்குப் போய் நீளக் கயிறு கொண்டாரணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும்.”

“அதுவரைக்கும் மாமா தாங்குமா? குரலே எழும்பலையே!” பொம்மிக்கு அழுகை முட்டியது. “இவ்வளவு ஆழம்னு அளந்தா பாத்தே?”

“பாத்தாலே தெரியுதே!”

பொம்மிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மேடா பள்ளமா என்று கண் சொல்வதை நம்பி எத்தனையோ முறை விழுந்திருக்கிறாள். சட்டென்று குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

சடையன் மலைப் பழக்கத்தில் பதறினான். “கல்லைப் போடாதே! தேனீ கெளம்பிடும்!”

“குகைக்குள்ள ஏதுண்ணே தேனீ?”

எறிந்தாள்.

ப்ளக்!

பாதாளம் நடுங்கியது! ஈட்டிகள் நெளிந்தன, உடைந்தன, காணாமல் போயின. தண்ணீர்! சலனமே இல்லாத தண்ணீர், கூரையில் தொங்கிய பாறைகளைத் தலைகீழாகக் காட்டியிருக்கிறது!

பொம்மி கால் வைத்தாள். கணுக்கால்தான் நனைந்தது. பாதி தூரத்தில் அண்ணனுக்காக நின்றாள். அலை அடங்கியது. மறுபடி அவள் காலுக்குக் கீழே அதே பாதாளம்! தரை உள்ளங்காலில் உறுத்துகிறது, ஆனாலும் கண் நம்பவில்லை. பயமாகவும் இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்கவும் தோன்றியது.

எதிர்க்கரையில் மாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். “இருட்டுல விழுந்தடிச்சு ஓடியாந்தேன் பொம்மி. கால் நனைஞ்சதைக்கூடக் கவனிக்கல. தேனீக்குப் புகை காட்ட வெச்சிருந்த பந்தத்தைக் கொளுத்திப் பாத்தா, பின்னால பாதாளம்! சாமிதான் தூக்கித் தாண்டவிட்டுதுன்னு நெனச்சேன்.”

தண்ணீர்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவன் கால் வைக்க மறுத்தான். பொம்மி டார்ச்சை அணைத்தாள். கும்மிருட்டு. மூவரும் கைகோத்து, சளக் சளக் என்று நடந்து கரையேறினார்கள்!

வெளியே வெயில். மாதன் கூழை மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்தபடி சடையன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

“கணுக்கால் தண்ணிக்குப் பயந்து மாப்ளையை விட்டுட்டுப் போகப் பாத்தேனே, பொம்மி!”