இரண்டு பிரேக் வைத்த கார்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா ஒரு கார் வாங்கி வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு சின்ன லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவருக்கு, முன்னாலும் பின்னாலும் போகிற வண்டி ஒன்று வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. பழைய இரும்புக் கடையின் மூலையில் மழையும் வெயிலும் பட்டுக் கிடந்த இந்தக் காரை, ஒரு புது சைக்கிளின் விலைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

வட்டமான இரண்டு விளக்குகள், உருண்டையான முதுகு. சாம்பல் நிறப் பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் கீழே கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்து, அப்பா அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தாங்கித் திறந்தார். உள்ளேயிருந்து பழைய குடையின் வாசனை வந்தது.

அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். அம்மா தையல்காரி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கேட்காமல் வாங்கிவிட்டோம், கோபம் போலிருக்கிறது என்று அப்பா என் காதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் காருக்கே போயின.

பானெட்டைத் திறந்தபோது என்ஜினுக்குப் பக்கத்தில் எலிக்கூடு இருந்தது. வீட்டுக்காரர்கள் காலி செய்து போய் நாளாகிவிட்டது என்றார் அப்பா. என்ஜின் இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி, மூன்று நாள் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டோம். நான்காவது நாள் அப்பா பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஏதோ முனகியது. பிறகு மெல்லச் சுற்றியது.

பெட்ரோல் டேங்குக்குள் ஒரே துரு. அதைக் கழற்றி, கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினோம். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். வீட்டில் என்னைச் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு பேசுவேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் சத்தம் யாருக்கும் கேட்காமல் போனது அன்றைக்குத்தான்.

மூன்றாவது ஞாயிறு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே மட்கிப்போன விரிப்பை நான் உரித்தேன். அடியில் ஒரு பலகையை அறைந்திருந்தார்கள். அதை அப்பா நெம்பி எடுத்ததும், அங்கே இரண்டு மிதிகள் இருந்தன. ஒன்று கிளட்ச், ஒன்று பிரேக்.

நான் இந்தப் பக்கம் காலை வைத்து அழுத்தினேன். அந்தப் பக்கத்து மிதியும் தானாகக் கீழே போனது, யாரோ கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து மிதிக்கிற மாதிரி.

"இது டிரைவிங் ஸ்கூல் கார்டா," என்றார் அப்பா. கத்துக்கிறவர் தப்பு பண்ணினால் வாத்தியார் இந்தப் பக்கத்திலிருந்து வண்டியை நிறுத்திவிடலாம். அதற்குத்தான் இரண்டு பிரேக்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, சாம்பல் நிறத்துக்குக் கீழேயிருந்து மஞ்சள் வந்தது. கதவில் பாதி அழிந்த எழுத்துகளும் தெரிந்தன. மஞ்சள் வெளியே தெரிந்ததும் தெருவில் போகிறவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள்.

முதலில் நின்றவர் பல் டாக்டர். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் காரில்தான் பழகினாராம். அப்போது ஊரில் ஒரே ஒரு டிரைவிங் ஸ்கூல். வாத்தியார் பெரிய உருவம், வாயில் எப்போதும் பெப்பர்மின்ட், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பல் டாக்டர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பின்பக்கம் போய், இடது மட்கார்டில் இருந்த ஆழமான நசுங்கலைத் தடவினார். அதைப் போட்டது தான்தான் என்றார். ஆஸ்பத்திரி கேட்டில் மோதியதாம்.

மறுநாள் பேப்பர் கடைக்காரர் வந்தார். அவரும் அதே நசுங்கலைத் தடவி, அது தன்னுடையது என்றார். தண்ணீர்த் தொட்டியில் இடித்தாராம்.

அடுத்த வாரம் வந்தது என் கணக்கு டீச்சர். போர்டில் ஒரு கோடு வளைந்தாலும் அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வகுப்பில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அந்த நசுங்கல் அவர் போட்டதாம், நின்றுகொண்டிருந்த ஐஸ் வண்டி மேல்.

ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டு, போகும்போது கொஞ்சம் இளமையாகப் போனார்கள். காரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அதனால் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் மாமா சுத்தியலோடு வந்த அன்று பெரிய ரகளை. மற்ற இடத்தையெல்லாம் நிமிர்த்தியாயிற்று. அந்த நசுங்கலுக்கு வரும்போது மூன்று பேரும் குறுக்கே நின்றார்கள். அது என் ஞாபகம், தொடக் கூடாது என்றார் பல் டாக்டர். உங்க ஞாபகமா என்றார் பேப்பர் கடைக்காரர். கணக்கு டீச்சர் மட்கார்டை மறைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் டிங்கர் மாமா, நசுங்கலோடயே பெயின்ட் அடிச்சுக்கோங்க என்று சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டார்.

நான் ஜன்னலோரம் அம்மாவுடன் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடி போறப்ப மோதினா அங்க படாது," என்றாள் அம்மா, தனக்குத்தானே பேசுவதுபோல. "பின்னாடி வந்து கம்பத்துல இடிச்சது அது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சட்டென்று தையல் மிஷின் பக்கம் போய் உட்கார்ந்தாள். கார் சீட்டுகளுக்கு அம்மாதான் புது உறை தைத்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து அளவெடுத்தவள், முன் சீட்டுக்கு மட்டும் வெளியே நின்றபடியே எட்டி எட்டி அளவெடுத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, அது நீ இடிச்சதா?"

மிஷின் நின்றது.

அம்மாவுக்கு அப்போது இருபத்தோரு வயது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம். அப்பா இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை. இருபத்திரண்டு நாள் பழகி, எல்லாம் நன்றாக வந்துவிட்டது. மறுநாள் டெஸ்ட். கடைசியாகப் பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்று வாத்தியார் சொல்லி, பின்பக்கம் நின்று வழி காட்டுவதற்காக இறங்கினார். அவர் இறங்கியதும் பக்கத்து பிரேக்கில் கால் இல்லை என்பது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வந்ததுமே தன் கால் எந்த மிதியில் இருக்கிறது என்பது மறந்துபோனது.

கார் பின்னால் பாய்ந்து விளக்குக் கம்பத்தில் மோதியது. கம்பத்தில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. அது அப்பளமாகிவிட்டது.

"அந்த சைக்கிள்காரப் பையன் இறங்கி, குழாயில தண்ணி குடிக்கப் போயிருந்தான். ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அது மேலதான் உக்காந்திருந்தான்," என்றாள் அம்மா. "யாரும் திட்டல. வாத்தியார் புது சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட வீட்டுக்கே வந்தார். காய்ச்சல்னு சொல்லச் சொல்லிட்டு உள்ள உக்காந்திருந்தேன். மூணு நாள் வந்தார். நாலாவது நாள் வரல."

அதற்குப் பிறகு அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அந்த மூணு பேர் இடித்ததையும் வாத்தியார் அப்போதே நிமிர்த்திவிட்டிருப்பார் என்றும், பாவம், அவர்கள் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சில்வண்டுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இரண்டு நாள் கழித்து அப்பா காருக்குள் தலைகீழாகப் படுத்திருந்தார். கையில் ஸ்பேனர். பக்கத்து மிதிகளைக் கழற்றப் போகிறேன், கால் நீட்ட இடம் கிடைக்கும் என்றார்.

"கழட்டாதீங்கப்பா."

"ஏன்?"

உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "காரணம் சொல்ல முடியாது. ஆனா நல்ல காரணம்," என்றேன்.

நான் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது என்று சொன்னது அப்பாவுக்கே அதிசயமாக இருந்திருக்க வேண்டும். என்னைத் தலைகீழாகவே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல காரணம்னா இருந்துட்டுப் போகட்டும்," என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

புது மஞ்சள் பெயின்ட் காய்ந்து, அம்மா தைத்த உறைகள் ஏறி, ஒரு நாள் கார் கிளம்பியது. முதலில் இருமியது, பிறகு புகைவிட்டது, அப்புறம் ஒரே சீராக உறுமியது. அந்தச் சத்தம் கேட்டுப் பேப்பர் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

நாங்கள் ஊர் சுற்றினோம். அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில். அம்மா எப்போதும் பின் சீட்டில், கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுடைய வலது கால் தரையை அழுத்துவதை நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே மிதி எதுவும் இல்லை. ஆனாலும் அழுத்தினாள்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டு என்று சொன்னால் அம்மா நிச்சயம் மாட்டேன் என்பாள். அதனால் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, கார் கிளம்புவதற்கு முன்னால் நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். "அம்மா, அப்பா வேகமாப் போறார். நீ முன்னாடி உக்காரு. அங்கதான் உன் கால்கிட்ட ஒரு பிரேக் இருக்கு. வேணும்கிறப்ப நீயே போட்டுக்கலாம்."

நான் வேகமாவா போறேன் என்று அப்பா கேட்டார்.

அம்மா திறந்திருந்த கதவருகே நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள், கால்களை மிதியில் படாமல் உள்ளே இழுத்து மடக்கிக்கொண்டு.

இரண்டு வாரம் கால்கள் அப்படியே மடங்கி இருந்தன. மூன்றாவது வாரம் மிதிக்குப் பக்கத்தில் வந்தன. நான்காவது வாரம் ஒரு திருப்பத்தில் மெல்ல அழுத்தினாள். வண்டி நிதானமானது. யார் அது என்றார் அப்பா. யாரோ என்றாள் அம்மா. அதற்கப்புறம் அப்பா கொஞ்சம் வேகம் பிடித்தாலே 'யாரோ' வந்து பிரேக்கைப் போட்டார்கள். வண்டிக்குள் மூன்று பேர் இல்லை, நான்கு பேர் இருக்கிறார்கள் என்று அப்பா புலம்பினார்.

ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய குறுகலான தெருவில் போய்க்கொண்டிருந்தோம். நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிவப்புப் பந்து உருண்டு வந்தது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் குலுங்கி நின்றுவிட்டது. பந்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து பந்தை எடுத்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப்போனாள்.

அப்பாவின் கால் அப்போதுதான் பிரேக்குக்கு வந்திருந்தது. "நான் பார்க்கவே இல்லை," என்றார்.

அம்மாவின் கால் மிதியை விட்டு வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் அம்மா தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது, சந்தை போடுகிற மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தானே இருக்கும் என்று கேட்டாள்.

மறுநாள் காலை அந்த மைதானத்தில் அப்பா இறங்கி இந்தப் பக்கம் வந்தார், அம்மா அந்தப் பக்கம் போனாள். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பம், சைக்கிள், தண்ணீர் குடிக்கப் போன பையன், மூன்று நாள் வாசலில் வந்து நின்ற வாத்தியார். நான் பின் சீட்டில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். காலைப் பக்கத்து பிரேக் மேல் வைத்தார்.

"நான் எதுக்கும் இறங்க மாட்டேன்," என்றார்.

அம்மா கிளட்சை விட்டாள். கார் இரண்டு தடவை துள்ளி நின்றது. மூன்றாவது தடவை கிளம்பியது. மைதானத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கியர் மாற்றினாள். அப்பா தன் காலைக் காட்டி, வேலை இல்லாமல் தூங்கிவிட்டது என்றார். அம்மா சிரித்தாள். இருபத்தோரு வயதில் அம்மா எப்படிச் சிரித்திருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இப்படியே நாலைந்து ஞாயிறு மைதானத்திலேயே சுற்றினோம். அம்மா முறைப்படி டெஸ்டும் கொடுத்தாள். பின்னால் எடுக்கச் சொன்னபோது, டெஸ்ட் எடுத்த அதிகாரி போதும் போதும் என்று சொல்லும் வரை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாளாம்.

லைசென்ஸ் வந்த அன்று சாயங்காலம், அம்மா எங்களை ஏற்றிக்கொண்டு தெருவில் ஓட்டினாள். கடைத்தெரு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டி, வீட்டுக்குத் திரும்பும் முனைக்கு வந்தோம்.

அம்மா திரும்பவில்லை.

"வீடு அந்தப் பக்கம்," என்றார் அப்பா.

"தெரியும்," என்றாள் அம்மா.

முன்னால் நேராக, நீளமாக, ரோடு கிடந்தது. நான் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினேன்.