இருபதாவது கிளை

சுத்தம் என்று எழுதி ஒட்டிய குழாயில் கிருமி இருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவி கணினித் திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க விலைக்கு வாங்கிய நோயில்லாத ரத்தம் தீர்ந்துபோனதால், அவள் தன் கையிலிருந்தே எடுத்துக் கொடுத்த ரத்தம் அது. பரிசோதகர் கைபட்டால் எதுதான் உருப்படும்? மூக்கைத் துடைத்த விரலிலேயே கையுறை மாட்டுகிற ஆள்.

"டெஸ்ட்ட மறுபடி ஓட்டுங்க. இந்தத் தடவையாவது கைய கழுவிட்டு."

"மூணு தடவை ஓட்டியாச்சு மேடம்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

மற்றக் குழாய்களில் இருந்தது, அந்த வட்டாரத்தில் ஹெபடைடிஸ் சி என்ற, ரத்தத்தில் பரவும் ஈரல் நோய் வந்த நாற்பது பேரின் ரத்தம். இந்தக் கிருமி ஒவ்வொரு உடம்பிலும் தன் மரபணு எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். சம்பந்தமில்லாதவர்களின் கிருமிகள் வம்சமரத்தில் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரே இடத்தில் தொற்றியவை ஒரே கிளையில் ஒட்டி நிற்கும். நாற்பதில் பத்தொன்பது அப்படி ஒட்டி நின்றன. ஊருக்கே ஒரு சவரக்கத்தி போலிருக்கிறது என்று போன வாரம் சிரித்தாள். நோயாளிகள் சொல்லப் பரிசோதகர் நிரப்பிய படிவங்களை அவள் தொட்டதே இல்லை. சொல்லத் தெரியாதவன் சொல்லி, எழுதத் தெரியாதவர் எழுதியதை யார் படிப்பது?

இப்போது அந்தக் கிளையில் இருபதாவதாக அவள்.

குளிர்ப்பெட்டி முனகிக்கொண்டிருந்தது, தண்ணீர்க் குழாயிலிருந்து தொட்டியில் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. பரிசோதகர் தவறிப்போய் நோயாளியின் ரத்தத்தைக் கலந்துவிட்டிருந்தால் அது பத்தொன்பதில் ஒன்றின் அச்சு அசலாக இருந்திருக்கும். இல்லை. எதிலும் இல்லாத பதினொரு எழுத்துகள் அதில் மாறியிருந்தன. அவள் உடம்புக்குள்ளேயே, வருஷக்கணக்கில்.

படிவங்களை இழுத்தாள். பரிசோதகரின் குண்டு குண்டான, பிழையில்லாத கையெழுத்து. ஊசி போட்டுக்கொண்ட இடம் என்ற வரியில், பத்தொன்பது தாள்களிலும் ஒரே விலாசம்.

அவள் வீட்டின் கீழ்த்தளம். அவள் கணவனின் கிளினிக். மாதாமாதம் அவளுக்குச் சத்து ஊசி போடுவதும் அவன்தான்.

காலையில் மகளுக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஒரு ஊசி போட்டால் ஓடிப்போகும் என்று அவன் சொல்லியிருந்தான். மணி ஐந்தேகால். அவனுக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

கிளினிக் பெஞ்சு நிறைய ஆட்கள். இருமல். ஸ்பிரிட் வாசனை. ஒருவரையும் பார்க்காமல் திரையை விலக்கினாள்.

"எத்தனை பேருக்கு ஒரே சிரிஞ்சு?"

டாக்டர் திரும்பக்கூட இல்லை. "ஊசி முனைய ஆளாளுக்கு மாத்துறேன்ல? மேல இருக்கிற குழல்ல என்ன ஒட்டிக்கிடக்கு? குழாய் கழுவுறவங்கல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க."

அவள் பரிசோதகரிடம் பேசுகிற அதே குரல்.

முக்காலியில் மகள். சுருட்டிவிட்ட சட்டைக் கை. தோளருகே பஞ்சு.

"வலிக்கவே இல்லம்மா."

அவன் பழைய குழலில் புது முனையைச் செருகினான். அடுத்த ஆளுக்காக. மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியில் குத்தினான். சின்னச் சத்தம்.

தெளிந்த மருந்துக்குள் சிவப்பாக ஓர் இழை இறங்கியது. மயிரிழை. மெல்ல இறங்கியது. இரண்டாகப் பிரிந்தது.

பிறகு நான்காக.