அவருக்காகப் பிடித்து வைத்த கதிரை

அந்தக் கதிரை மடிந்துதான் இருக்க வேண்டும். ஆள் எழும்பினால் தானாகவே மேலே மடிந்துகொள்ளும் படக்கொட்டகைக் கதிரை அது. தாட்சாயினி தன் சால்வையை அதன் முதுகில் போட்டு, கணவருக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு சால்வையின் பாரத்துக்குக் கதிரை விரியாது. ஆனால் கூடத்து விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்த பிறகு பார்த்தால், அது விரிந்து கிடந்தது. கையால் தூக்கி மடித்துவிட்டாள். கையை எடுத்ததும், யாரோ அலுப்போடு உட்காருவதுபோல அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கம்பிச்சுருள் பழுதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கே வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசையும் இருந்ததில்லை. சீட்டுக்கட்டில் ஆடுத்தனுக்கும் உருவித்தனுக்கும் வித்தியாசம் தெரியாதவள் போக்கர் நிகழ்ச்சி பார்த்து என்ன செய்யப் போகிறாள்? சீட்டுப் பைத்தியம் அவருக்குத்தான். போன கிழமை உருத்திரமூர்த்தி ஒரு சிநேகிதரின் நிலவறையில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிந்து நின்றவளைக் கூட்டிப்போக மறந்துபோனார். கோட்-டெ-நெய்ஜ் பேருந்துத் தரிப்பில், உறைபனிக் காற்றில் நின்றபடி அவள் போனில் சொன்னது கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. சோறு போடுவாள், அவர் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளோடு வேலை செய்யும் றோசலின் இந்த நிகழ்ச்சிக்கு இரண்டு நுழைவுச்சீட்டு தந்தபோது, அதைக் கொண்டுபோய் அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேலை முடிய நேரை வாறன்" என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே காரில் வீட்டுக்குத் திரும்பவேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கால்வாய்க்கரைப் பழைய தொழிற்சாலை ஒன்றைத்தான் படப்பிடிப்புக் கூடமாக மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் நேரலையில் போகும் நிகழ்ச்சி. வாசலில் நின்ற பெண்ணிடம், "என் கணவர் பின்னால் வருகிறார், அவரையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதா என்ன? கலியாண மண்டபத்தில் முதலில் போகிறவர் கைப்பை, குடை, குழந்தையின் தொப்பி என்று போட்டு ஒரு வரிசையையே வளைத்து வைத்திருப்பார். அந்தப் பெண் கேள்வியே கேட்கவில்லை. அவருடைய பெயரைப் பதிந்து, "சரி மதாம், இரண்டு பேரும் உள்ளே இருக்கிறீர்கள்" என்று சிரித்தாள்.

விளையாட்டை அறிவிப்பாளன் விளக்கினான். நடு மேசையில் ஒரு ஆட்டக்காரர். பார்வையாளர் ஒவ்வொருவரும் அவருக்கு எதிராக விளையாடுவார்கள். கதிரைக் கையில் உள்ள சிறு திரையில் உங்களுடைய சீட்டுகள் தெரியும். நிற்பதென்றால் பச்சைப் பொத்தான். விலகுவதென்றால் சிவப்பு. சிவப்பை அமத்தியவர் எழும்பி வெளியே போய்விட வேண்டும். கதவடியில் காத்திருப்பவர் அந்த இடத்துக்கு வருவார். கூடம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது இவர்களுடைய பெருமை. தாட்சாயினி சீட்டைப் பார்க்கவே இல்லை. அவர் வரும்வரை இடத்தை விடக்கூடாது. பச்சையை அமத்தினாள்.

பக்கத்துக் கதிரையிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன் திரையில் பச்சை வந்தது.

ஆளில்லாத கதிரைக்கு மெசின்தானே விளையாடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுற்றிலும் கை தட்டினார்கள். அங்கங்கே சிவப்பு வந்த கதிரைகளிலிருந்து ஆட்கள் சிரித்தபடி எழும்பிப் போக, வெளியிலிருந்து புதியவர்கள் சப்பாத்துப் பனியோடு வந்து இருந்தார்கள். கைப்பையில் போன் அதிர்ந்தது. அவர்தான் எழுதியிருந்தார்: "பாலத்திலை நிக்கிறன். ஒரே பனி. இடத்தை விட்டிடாதையும்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமில்லாத எழுத்து.

இரண்டாவது சுற்றில், மேசை விளக்குகள் நீலமாகி, மெல்லிய மேளச் சத்தம் ஒன்று தரைக்குக் கீழே எங்கேயோ ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருக்க, முன்வரிசைப் பெண்ணின் வாசனைத் தைலத்தையும் சோளப்பொரியின் வெண்ணெய் மணத்தையும் விலக்கிக்கொண்டு அவளிடம் வேறொரு மணம் வந்தது: ஈரமான கம்பளிக் கோட்டு, அதற்குள்ளே தோள்வலிக்குப் பூசும் தைலம், அதற்கும் உள்ளே, கனகாலம் மூடிவைத்த அலுமாரியைத் திறந்தால் வரும் ஒரு புளித்த நெடி. முதல் இரண்டும் அவருடையவை. மூன்றாவதை அவளுக்குத் தெரியாது. இரண்டு கதிரைக்கும் பொதுவான கதிரைக்கையில் ஊன்றியிருந்த அவளுடைய முழங்கையை ஏதோ மெதுவாக, மரியாதையாக, ஒதுக்கிவிட்டது.

'டிக்.' பச்சை.

போன் மறுபடி அதிர்ந்தது. லவாலில் இருக்கும் தங்கை வித்தியா. நேரலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இப்ப உங்களைக் காட்டினவங்கள். அத்தானும் வந்திட்டார் போலை. சந்தோசம். ஏன் அவர் இப்பிடி மெலிஞ்சு போனார்?"

தாட்சாயினி அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கண்ணை மட்டும் திருப்பினாள். கதிரையில் யாரும் இல்லை. ஆனால் சால்வை கதிரையின் முதுகில் கிடக்கவில்லை. யாரோ தோளில் போட்டுக்கொண்டதுபோல, ஒரு சாண் முன்னே தள்ளி, ஒன்றிலும் படாமல் வளைந்து நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது சிறிது உயர்ந்து தாழ்ந்தது. எழும்பி ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அவர் வந்துகொண்டிருக்கிறார். இப்போது ஓடினால் அவர் இங்கே வந்து இதற்குப் பக்கத்தில் இருப்பார்.

போனை எடுத்து அவரை அழைத்தாள். முதல் மணியிலேயே அவர் பேசினார்.

"தாட்சா, கதவடியிலைதான் நிக்கிறன். இந்தப் பிள்ளை உள்ளுக்கை விடுறாளில்லை."

"பேரைச் சொல்லுங்கோ."

"சொன்னனான். அந்தப் பேரிலை ஆள் உள்ளுக்கை இருக்காம்."

"அது நான்தான் பதிஞ்சது. இடம் பிடிக்கத்தான்."

"இஞ்சை சுவரிலை ரீவி ஒண்டு ஓடுது. உம்மைக் காட்டுறாங்கள். உமக்குப் பக்கத்திலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"என்ரை கோட்டுப் போட்டிருக்கிறான். இப்ப நான் போட்டிருக்கிற இதே கோட்டு."

"முகம் தெரியுதோ?"

"இல்லை. உம்மடை பக்கம் திரும்பி இருக்கிறான்." குரல் தாழ்ந்தது. "ஆட்டத்தைப் பாக்கிறானில்லை, தாட்சா. உம்மைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான்."

இடது காதில் மூச்சு. குளிர்ந்த மூச்சு. அவள் திரும்பவில்லை.

அடுத்த சுற்றுக்கு விளக்குகள் மாறின. அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது, பயத்துக்குள்ளும் தெளிவாக. சிவப்பை அமத்தினால் எழும்பிப் போகவேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். போனால் அந்த இடத்துக்கு வெளியே நிற்பவர் வருவார்.

"வரிசையிலை உங்களுக்கு முன்னாலை ஆரும் நிக்கினமோ?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"அசையாமல் நில்லுங்கோ. இப்ப உங்களைக் கூப்பிடுவினம்."

பார்க்காமலே பக்கத்துக் கதிரையின் திரைக்குக் கையை நீட்டினாள். பொத்தான்கள் எங்கே இருக்கும் என்று தெரியும். பச்சையின்மேல் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. காய்ந்த, எலும்பான விரல். அதைத் தள்ளிக்கொண்டு போனாள். சிவப்பு. அமத்தினாள்.

'டிக்.'

அறிவிப்பாளன் ஏதோ சொன்னான். கை தட்டினார்கள். கதிரை மேலே மடிந்தது, சால்வை அதன் முதுகில் சரிந்தது. அவளுடைய முழங்காலில் ஈரக் கம்பளி உரசிக்கொண்டு போனது. தன்னை அறியாமலே காலை உள்ளே இழுத்தாள். வரிசையில் இருந்த மற்றவர்களும், மேசையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒவ்வொருவராகக் காலை உள்ளே இழுத்தார்கள். படிகளில் காலடிகள். மேலே கதவு திறந்தது. மூடியது.

"கதவு திறக்குது," என்றார் அவர் போனில். "ஆரோ வாறான்..."

துணியோடு துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

கதவு மறுபடி திறந்தது. அவர் வந்தார். தோளில் பனி, வலது காலை ஒரு கணம் பிந்தி வைக்கும் அதே நடை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வரிசைக்குள் புகுந்து, சால்வையை எடுத்து அவளுடைய மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். விளக்கு அவர் முகத்துக்கு எட்டவில்லை.

"பயந்து செத்துப்போனன்," என்றாள். "இனிச் சண்டை வேண்டாம். வீட்டை போவம்."

அவர் தலையை ஆட்டினார். அவள் அவருடைய கையைப் பற்றினாள். கோட்டுக் கை அமிழ்ந்துகொண்டே போனது. இன்னும் அமிழ்ந்தது. கடைசியில், எங்கேயோ உள்ளே, ஒரு சுள்ளி அளவில் ஏதோ அகப்பட்டது.

மடியில் கிடந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அதிலிருந்து அவருடைய குரல் வந்தது, சின்னதாக.

"தாட்சா. என்னை வெளியிலை தள்ளிக் கதவைப் பூட்டிட்டினம். நான் விலகிட்டனாம்."

அறிவிப்பாளன் கையை உயர்த்தினான். விலகிப் போனவருக்கு எல்லோருமாக விடைகொடுப்போம் என்றான். பெரிய திரை வாசலைக் காட்டியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பனிக்குள், கோட்டு இல்லாமல் வெறும் சேட்டோடு உருத்திரமூர்த்தி நின்றார். ஒரு உள்ளங்கை கண்ணாடியில், போன் காதில். கண் உள்ளே சுவர் ரீவியில் இருந்தது. அதில் அவள் தெரிந்துகொண்டிருந்தாள். அவர் வாய் அவளுடைய பெயரைச் சொன்னது. ஒரு கணம் பிந்தி அது மடியில் கேட்டது. கூடம் முழுக்கச் சிரித்துக்கொண்டு கையசைத்தது.

அவள் எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. கத்தப் பார்த்தாள். வாய்க்குள் அந்தப் புளித்த நெடி நிறைந்தது.

பக்கத்தில் இருந்தவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அவளுடைய கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, எல்லாரையும்போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

வெளியே, அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்த உள்ளங்கை மெதுவாகக் கீழே இறங்கியது.