மேஜைமேல் இடிந்த தெரு

காலை 8.05.

இன்ஸ்பெக்டர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தெருவே நொறுங்கிக் கிடந்தது. நிஜத் தெரு அல்ல. மேஜைமேல் வைத்திருந்த மாதிரித் தெரு.

நூறு வருஷத்து ஓட்டு வீடுகள் நிறைந்த அந்தத் தெருவின் நடுவில் பதினைந்து மாடிக் குடியிருப்பு கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. பதினோரு மணிக்கு இதே மண்டபத்தில் நகராட்சி அதிகாரி மக்களிடம் கருத்துக் கேட்க வருகிறார். அதற்காக நேற்றுத்தான் கம்பெனி இந்த மாதிரியைக் கொண்டுவந்து வைத்தது.

"யார் வேலைன்னு பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும் மேடம்," என்றார் கம்பெனி மேனேஜர். "பூட்டு உடையல. சாவி ஒண்ணே ஒண்ணு. அது ராத்திரி முழுக்க அந்தம்மாகிட்டதான் இருந்துச்சு."

அந்தம்மா, தெருவாசிகள் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மேலதிகாரி.

"பதினோரு மணிக்குள்ள அந்த டீச்சரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

"விசாரிச்சுட்டிருக்கேன் சார்."

"அதை இங்க வந்து விசாரிக்கலாம்."

போனை வைத்த பிறகு இன்ஸ்பெக்டரால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கட்டட வரைபடத்தை வரிவரியாகப் படித்தவர் அந்தத் தெருவில் டீச்சர் ஒருவர்தான். அவரை இப்போது ஜீப்பில் ஏற்றினால் பதினோரு மணிக் கூட்டத்தில் தெருவுக்காகப் பேச நாதியில்லை.

காலை 8.30.

"நேத்து கடைசியா இங்க எப்ப வந்தீங்க டீச்சர்?"

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு. மாதிரியைப் பார்த்தேன். ஏதோ கண்ணை உறுத்துச்சு. எங்க வீடெல்லாம் சத்து டானிக் குடிச்ச மாதிரி வளர்ந்திருந்துச்சு."

"அளந்தீங்களா?"

"கையில ஸ்கேல் இல்ல. நாளைக்கு அதிகாரி முன்னாடி அளப்பேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுப் போனேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். தாராளமா அளங்கன்னார்."

காலை 8.50.

மண்டபத்தைப் பெருக்கும் அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நேத்து பூட்டினது யாரு அக்கா?"

"நான்தாம்மா. ஆறரைக்கு மேனேஜர் சார் வெளிய வந்ததும் பூட்டி, எப்பவும்போல சாவியை டீச்சரம்மா கையில குடுத்துட்டேன்."

"அப்ப மேஜைமேல இருந்த மாதிரித் தெரு நல்லா இருந்துச்சா?"

"வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாரு. நடுவுல கட்டடம் நின்னதால கூடாரம் மாதிரி இருந்துச்சு."

"உள்ள எவ்வளவு நேரம் இருந்தார்?"

"ஒரு மணி நேரம். கதவைத் தாழ் போட்டுக்கிட்டாரு. டங்கு டங்குன்னு சத்தம். கேட்டா, பேனருக்கு ஆணி அடிக்கிறேன்னாரு."

"காலையில?"

"ஏழு இருபதுக்கு நானு, டீச்சரம்மா, மேனேஜர் சார் மூணு பேரும் சேர்ந்துதான் உள்ள வந்தோம். துணி போர்த்தினபடியே இருந்துச்சு. சார் அதை வெடுக்குன்னு இழுத்தாரு. டொக்குன்னு ஏதோ விழுந்துச்சு. உடனே ஐயோன்னு கத்தினாரு."

இன்ஸ்பெக்டர் மேஜையை மறுபடி சுற்றிவந்தார். பதினைந்து மாடி ஒரு மூலையில் மட்டும் கீறல் விட்டு, பக்கவாட்டில் படுத்திருந்தது. சுற்றியிருந்த வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் சுண்ணாம்புத் தூள். கட்டடத்தை மெல்லத் தூக்கிப் பார்த்து அப்படியே வைத்தார். துணியைப் புரட்டினார். பேனர் கட்டியிருந்த ஜன்னலருகே போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்த, மாதிரி செய்த பட்டறையின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

காலை 10.15.

"கோபத்துல வர்றவன் எதிரியை விட்டுட்டுத் தன் வீட்டையா சார் இடிப்பான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் தோளைக் குலுக்கினார். "இருட்டுல தெரிஞ்சிருக்காது."

"சரி. கட்டடத்துக்கு அடியிலயும் தூள் இருக்கே? அப்ப வீடுங்க முதல்ல நொறுங்கியிருக்கு. கட்டடம் அப்புறம் விழுந்திருக்கு. எப்பன்னா, இன்னிக்குக் காலையில நீங்க துணியை இழுத்தப்ப. அந்த 'டொக்' அதுதான். பூட்டுறப்ப கூடாரம் மாதிரி தெரியணும்னுதான் அதை நிக்க வச்சிருந்தீங்க. துணியோட உள்பக்கமெல்லாம் சுண்ணாம்பு."

"ராத்திரி இந்தம்மா வந்து வீடுகளை மட்டும் நொறுக்கிட்டு, துணியைத் திரும்பப் போர்த்தியிருக்கலாமே?"

"இருக்கலாம். நேத்து பேனருக்கு ஆணி அடிச்சீங்களாமே. ஆணி எங்க?"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பேனரை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சுவரில் ஒரு துளைகூட இல்லை.

மேனேஜர் பேனரிலிருந்து பார்வையைத் திருப்பினார். "எங்க மாதிரியை நாங்களே ஏன் மேடம் உடைக்கணும்?"

"மாதிரியைச் செஞ்ச பட்டறைக்காரர்கிட்டயே பேசிட்டேன். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. எட்டு மீட்டர் உயர வீடு எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கணும். கட்டடத்தைச் சரியான அளவுல செய்யச் சொன்ன நீங்க, வீடுகளை மட்டும் பதினாறுல செய்யச் சொல்லியிருக்கீங்க. பக்கத்து வீடு ரெட்டிப்பா வளர்ந்தா பதினைந்து மாடி பாதியா தெரியும் இல்லையா? டீச்சர் அளப்பேன்னதும் பயந்துட்டீங்க. வீடுங்களை ஒழிச்சா பொய்யும் போகும், பழி டீச்சர் தலையில விழும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஆனா அந்த வீடுங்களை வார்த்த அச்சு இன்னும் பட்டறையில பத்திரமா இருக்கு."

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கம்பெனி மேலிடத்துல சொன்னதைத்தான் செஞ்சேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு மேடம்."

போன் மறுபடி அடித்தது.

"என்னம்மா, கூட்டிட்டு வர்றீங்களா?"

"வர்றேன் சார். ஆனா டீச்சரை இல்ல."

காலை 11.00.

மண்டபம் நிரம்பிவிட்டது. மேனேஜரை ஜீப்பில் உட்காரவைத்து, நடந்ததை நகராட்சி அதிகாரியிடம் சொல்லிவிட்டு, கிளம்ப மனமில்லாமல் இன்ஸ்பெக்டர் வாசற்படியில் நின்றார்.

டீச்சர் மேஜையருகே போனார். எழுதி வைத்திருந்த பேச்சைக் கையில் எடுத்தார். அதை மடித்து வைத்தார். தூளை ஒதுக்கி, சாய்ந்து கிடந்த கட்டடத்தை நிமிர்த்தினார். கைப்பைக்குள் துழாவி ஒரு சாக்பீஸை எடுத்து, ஸ்கேலோடு சேர்த்து அதிகாரியிடம் நீட்டினார்.

அதிகாரி சாக்பீஸை அளந்தார். "எட்டு சென்டிமீட்டர்."

டீச்சர் அதை வாங்கிக் கட்டடத்தின் காலடியில் நிறுத்தினார்.

"இது என் வீடு."

பின்வரிசையிலிருந்து பெருக்கும் அம்மாள் எழுந்து, எக்கி எக்கிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, அப்ப எங்க வாசலுக்கு வெயிலே வராதா?"

அதிகாரி சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா மூடியைத் திறந்து, கம்பெனியின் விண்ணப்பத்தின் குறுக்கே எழுத ஆரம்பித்தார்: அளவு பொய். அனுமதி இல்லை.